ஏழு இலக்கக்காரர்கள்

கோகுலின் மணிக்கட்டுப் பட்டையில் எட்டுக் கட்டங்கள் இருந்தன. எண் மட்டும் ஏழு கட்டத்தில் முடிந்துவிட்டது. அதை முதலில் பார்த்தவள் உடலைத் துடைக்கப் போன நர்ஸ் பர்வீன்.

"மேடம், எல்லாருக்கும் எட்டு நம்பர் இருக்கும். இவருக்கு ஏழுதான் இருக்கு. ஒரு கட்டம் சும்மா கெடக்கு" என்று அறை வாசலில் நின்று சொன்னாள்.

மகிழினி அப்போது இறப்புக் கோப்பைத்தான் திறந்து வைத்திருந்தாள். கோகுல், ஆண், வயது அறுபத்தொன்று, சாலைக்குத் தார் ஊற்றும் வேலை, நேற்று மாலை உறக்கத்தில் மாரடைப்பு. தெரிவிக்கவேண்டிய உறவினர் என்ற இடத்தில் யாருமில்லை. உறவினர் இல்லாத இறப்பு என்றால் கோப்பு மறுநாள் மாலை ஐந்து மணிக்குள் மூடப்படவேண்டும் என்பது விதி. கேட்க ஆளில்லை என்றால் அரசாங்க வேலை எவ்வளவு வேகமாக நடக்கும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

"அச்சுல போயிருக்கும் பர்வீன்."

"அச்சுல போகல மேடம். வியாழக்கிழமை வேன்ல வந்தாங்களே, பஸ் ஸ்டாண்டு ஆளுங்க பதினேழு பேரு, அவங்க பட்டையையும் பாத்துட்டுத்தான் வரேன். எல்லாத்துலயும் ஏழுதான்."

மகிழினி எழுந்தாள்.

வெயில் ஐம்பது டிகிரியைத் தாண்டிய வருடங்களில் அரசாங்கம் கண்டுபிடித்த வழி இது. வெயிலில் நின்றால்தான் சோறு என்ற நிலையில் இருப்பவர்களைக் கத்திரி தொடங்குவதற்கு முன்பே தூங்கவைத்துவிடுவது. நாற்பது நாள் குளிர்ந்த பெட்டியில் மருந்துறக்கம், பிறகு எழுப்பி வீட்டுக்கு அனுப்புதல். அதற்காக வேலூருக்கு மேற்கே ஒரு மொட்டை மலையைக் குடைந்து கூடம் கட்டியிருந்தார்கள். அரசாணையில் அதன் பெயர் வேனில் இல்லம். ஊர்க்காரர்கள் தூங்குமலை என்பார்கள். இந்த வருடம் இரண்டாயிரத்து முந்நூறு பேர் அங்கே தூங்கிக்கொண்டிருந்தார்கள். பகல் பத்திலிருந்து ஐந்து வரை சாலையில் யாரும் தலைகாட்டக்கூடாது என்பதால் பகல் பணியில் நான்கே பேர். மற்றதெல்லாம் இயந்திரம் பார்த்துக்கொள்ளும்.

இயந்திரத்துக்கு ஒவ்வொருவரைப் பற்றியும் தெரிந்ததெல்லாம் எட்டு இலக்க எண் ஒன்றுதான். முதல் இலக்கம் உறவு, அதாவது இந்த ஆளுக்காக வந்து நிற்க எத்தனை பேர் என்பது. இரண்டாவது வயது, அறுபதுகளில் இருந்தால் ஆறு. பிறகு எடை, இதயம், நுரையீரல், சிறுநீரகம். ஏழாவது இலக்கம் மருந்தின் அளவு. எட்டாவது குளிர். உறக்கத்தின் முதல் நாட்களில் நர்ஸ்கள் கையால் மருந்து கொடுப்பார்கள். ஏழாம் நாள் மாலை நான்கு மணிக்கு இயந்திரம் எண்ணைத் தானே பிரித்துப் படித்து, பொறுப்பை ஏற்றுக்கொள்ளும். எண்ணைப் பிரிக்கும் நிரலை எழுதியவள் மகிழினி.

அவள் பெட்டிகளுக்கு நடுவே நடந்துபோய் ஒரு பட்டையைப் பார்த்தாள். இன்னொன்றைப் பார்த்தாள். மூன்றாவதிலும் ஏழுதான். திரும்பி ஓடிவந்து கோகுலின் எண்ணைத் தாளில் எழுதினாள். 6532427. நேற்று நான்கு மணிக்கு இயந்திரம் அவனுக்கு எவ்வளவு மருந்து கொடுத்தது என்று பதிவேட்டில் பார்த்தாள். ஏழு அளவு. கொடுத்திருக்க வேண்டியது இரண்டு.

கோகுல் புதன்கிழமை தானாகவே நடந்துவந்து சேர்ந்தவன். அவனுடைய ஏழாம் நாள் நேற்று முடிந்தது. வேனில் வந்த பதினேழு பேருக்கு ஏழாம் நாள் இன்று.

மணி பதினொன்றே முக்கால்.

*

கூடத்தின் பொறுப்பதிகாரி தர்ஷனுக்கு அறுபத்தெட்டு வயது. ஓய்வுக்குப் பிறகும் வேலையை நீட்டித்து வாங்கிக்கொண்டவர். வாய்க்கு வாய் பெங்களூரு மகன், மருமகள், பேரன் பேத்தி என்று பேசுவார். மகிழினி தாளை அவர் மேஜையில் வைத்தாள்.

"சார், கோகுலைக் கொன்னது மாரடைப்பு இல்ல. என் நிரல்."

"உக்காரும்மா. முதல்ல தண்ணி குடி."

"தண்ணியெல்லாம் வேணாம் சார், கேளுங்க. போன வருஷம் வரைக்கும் இயந்திரம் எண்ணைப் பின்னாலேர்ந்து பிரிச்சது. பத்தால வகுத்தா என்ன மீதி வருது? கடைசி இலக்கம். அதை எடுத்து வெச்சுக்கும். மிச்ச எண்ணைத் திரும்பப் பத்தால வகுக்கும். அதுக்கு முந்தின இலக்கம் வரும். இப்படி எட்டுத் தடவை. எண்ணுல ஏழு இலக்கம்தான் இருக்குன்னாகூட எட்டாவது தடவை பூஜ்யம் வந்துடும். அது உறவு இலக்கம். உறவு யாரும் இல்லன்னு சரியாப் புரிஞ்சுக்கும்."

"நல்லாத்தானே இருந்தது? அப்புறம் ஏன் மாத்தின?"

"நீங்கதான் மாத்தச் சொன்னீங்க."

தர்ஷன் கண்ணாடியைக் கழற்றினார். அவர் சொன்னது அவருக்கே நினைவிருந்தது. பின்னாலிருந்து பிரித்தால் வரவேற்புத் திரையில் முதலில் குளிர் வரும், பிறகு மருந்து வரும், உறவு கடைசியில்தான் வரும். ஆளைச் சேர்க்க வந்த குடும்பம் திரை முன்னால் நின்று முகத்தைச் சுளிக்கும். 'நம்ம ஊர்ல ஒருத்தன் வந்து நின்னா யாரு வீட்டு ஆளுன்னுதாம்மா முதல்ல கேக்கணும், குளிரு எவ்ளோ வேணும்னா கேப்பாங்க?' என்று அவர்தான் சத்தம் போட்டிருந்தார். அவள் இந்த வருடம் நிரலைத் திருப்பிப் போட்டாள். முன்னாலிருந்து எண்ணி, முதலில் வருவது உறவு, அடுத்தது வயது என்று வரிசையாக எடுக்கும்படி எழுதினாள்.

"அதுல என்ன தப்பு?"

"இவருக்கு உறவு பூஜ்யம். சுழியத்துல தொடங்குற எண். ஆனா அதை நாம முழு எண்ணா வெச்சிருக்கோம். அறுபத்தஞ்சு லட்சத்துக்கு முன்னால ஒரு பூஜ்யம் போட்டாலும் அது அறுபத்தஞ்சு லட்சம்தானே சார்? முன்னால நிக்கிற பூஜ்யத்தை இயந்திரம் வெச்சுக்காது, போயிடும். பஸ்ஸுல முன் சீட்டுக்காரர் எறங்கின மாதிரி எல்லாரும் ஒரு சீட்டு முன்னால வந்து உக்காந்துட்டாங்க. வயசு ஆறு, அது உறவு இடத்துல உக்காந்துடுச்சு. இயந்திரத்தைப் பொறுத்தவரை கோகுலுக்குச் சொந்தக்காரங்க ஆறு பேரு. குளிர் ஏழு, அது மருந்து இடத்துல உக்காந்துடுச்சு."

"சோதிச்சுப் பாத்தியா இல்லையா?"

"பாத்தேன். நம்ம ஆபீஸ்ல பன்னெண்டு பேரோட நம்பரையும் வாங்கிப் போட்டுப் பாத்தேன். ஒருத்தருக்குக்கூட முதல்ல பூஜ்யம் இல்ல. எல்லாருக்கும் ஆளு இருந்தாங்க." அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். "யாருமே இல்லாத ஆளு ஒருத்தர் இருப்பாங்கன்னு எனக்குத் தோணவே இல்ல சார். சோறு கட்டிக் குடுக்க, சண்டை போட, ஒருத்தராவது இருப்பாங்கன்னுதானே நாம நெனைப்போம்? தோணவே இல்ல."

தர்ஷன் தாளில் இருந்த இலக்கங்களை விரல் வைத்து எண்ணினார்.

"கோகுல் விஷயத்தை அப்புறம் பாப்போம். நாலு மணிக்குப் பதினேழு பேரா?"

"பதினேழு பேர்."

"எழுப்பிடு."

"எழுப்ப ஒன்பது மணி நேரம் ஆகும் சார். பாதியில எழுப்பினா அதுவே கொன்னுடும்."

"நிரலைத் திருத்து. பழையபடி பின்னாலேர்ந்து பிரிக்கச் சொல்லு."

"பருவம் தொடங்கினதும் சென்னையில பூட்டிட்டாங்க. அவங்க திறந்தாத்தான் ஒரு எழுத்தை மாத்த முடியும். எண்ணையும் தொட முடியாது, முத்திரை வெச்சது. இயந்திரத்தை நிறுத்தினா ரெண்டாயிரத்து முந்நூறு பேருக்கும் குளிர் நின்னுடும். மருந்துக் குழாயை மட்டும் பிடுங்கினா பாதியில எழுந்துடுவாங்க."

சென்னைக்குப் பேசினார்கள். பேசிய அதிகாரி நிதானமானவர். மற்ற கூடங்களுக்கெல்லாம் புது நிரல் அடுத்த வருடம்தான், அதனால் இது உங்கள் ஒரு கூடத்துப் பிரச்சினைதான் என்று முதலில் நிம்மதிப் பெருமூச்சு விட்டார். எழுதி அனுப்புங்கள், குழு திங்கட்கிழமை கூடுகிறது என்றார். இன்றைக்கு நான்கு மணிக்குள் என்று மகிழினி கத்தினாள். கத்தினால் பூட்டு திறக்காது மேடம் என்றார் அவர். மேலதிகாரி உணவுக்குப் போயிருக்கிறார், வந்ததும் பார்க்கலாம் என்றார். ஒரு மணி நேரம் கழித்து, மேலதிகாரி வந்துவிட்டார், ஆனால் அவருக்கு இந்தப் பூட்டைத் திறக்க அதிகாரம் இல்லை என்றார். இரண்டு மணி ஐந்து நிமிடத்துக்கு மறுபடி அழைத்தபோது தொலைபேசி எடுக்கப்படவே இல்லை.

தர்ஷனின் அறையில் அப்போது நான்கு பேரும் இருந்தார்கள். நான்காமவன் ஜோவின், குளிர்ப்பொறியைப் பார்த்துக்கொள்பவன், தூத்துக்குடிப் பக்கம்.

பர்வீன்தான் கேட்டாள். "மேடம், எனக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது. முன்னாடி பூஜ்யம் இல்லாம ஒரு ஒண்ணு இருந்தா எல்லாம் சரியாயிடுமா?"

"ஆயிடும். எட்டு இலக்கம் ஆயிடும். எல்லாம் அதது இடத்துக்குப் போயிடும்."

"அப்போ நாம யாராச்சும் அவங்களுக்குச் சொந்தம்னு கைநாட்டு வெச்சா போதுமே?"

சட்டத்தில் அப்படி ஒன்று இருந்தது. எண்ணில் மற்ற ஏழு இலக்கங்களை மருத்துவர் குழு மட்டுமே மாற்றலாம். உறவு இலக்கம் மட்டும் கைரேகையால் மாறும். பிறப்பு, கல்யாணம், தத்து என்று எத்தனை வருகிறது, அதற்கெல்லாம் குழுவைக் கூட்ட முடியுமா? யாருமில்லாதவரை யார் வேண்டுமானாலும் தன் உறவாக ஏற்கலாம், அவர் சம்மதம் தேவையில்லை என்றும் ஒரு விதி இருந்தது. சட்டம் வந்த நாளிலிருந்து அந்த விதியை யாரும் பயன்படுத்தியதாகத் தெரியவில்லை.

ஏனென்றால் அது விளையாட்டுக் காரியம் இல்லை. ஏற்றுக்கொண்டால் ஏற்றுக்கொண்டதுதான். அந்த ஆள் விழித்தால் வந்து அழைத்துப் போகவேண்டும், படுத்தால் பார்க்கவேண்டும், செத்தால் எடுத்துப் போடவேண்டும். நீக்கவேண்டும் என்றால் கோர்ட்டுக்குப் போய் ஏழு வருடம் நடக்கவேண்டும். உறவு இரண்டு பக்கமும் ஏறும். ஏற்பவரின் எண்ணிலும் ஒன்று கூடும். ஓர் இலக்கத்தில் ஒன்பதுக்கு மேல் எழுத முடியாதே. ஆகவே ஒரு மனிதருக்கு இந்த நாட்டில் ஒன்பது உறவுகளுக்கு மேல் கிடையாது. சித்தப்பா பெரியப்பா என்று நீண்ட வரிசையில் யாரை எழுதுவது, யாரை விடுவது என்று வெட்டுக்குத்து வரை போன குடும்பங்கள் உண்டு.

"எனக்கு எட்டு ஆளு மேடம். ஒரு இடம்தான் இருக்கு. நான் ஒருத்தரை எடுத்துக்கறேன்" என்றாள் பர்வீன்.

"எனக்கு ஆறு. நான் மூணு பேரை எடுத்துக்கிடுதேன் எக்கா. பொண்டாட்டி கேட்டா நீங்கதான் பேசணும்" என்றான் ஜோவின்.

மகிழினியின் உறவு இலக்கம் நான்கு. கணவன், தம்பி, மகள் நறுமுகை, மருமகன். ஐந்து இடம் இருந்தது. ஆனால் நறுமுகைக்கு ஒன்பதாம் மாதம். திங்கட்கிழமை நாள் குறித்திருந்தார்கள். பிறந்த குழந்தையைப் பத்துமாதம் வரை தூக்க, மடியில் வைக்க, இரவு பக்கத்தில் படுக்க, உறவு இலக்கத்தில் உள்ளவர்களுக்கு மட்டுமே அனுமதி. நோய்க்காலத்தில் வந்த விதி, அப்படியே நின்றுவிட்டது. பாட்டி என்ற வரியில் மகிழினியின் பெயரை நறுமுகை ஏற்கெனவே எழுதிவைத்துவிட்டாள். சின்ன அத்தை தன்னையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லிக் கெஞ்சியபோதுகூட அந்த ஓர் இடத்தை மகிழினி விட்டுக்கொடுக்கவில்லை.

"நான் நாலு பேர்" என்றாள். சொன்னதும் அவளுக்கே வெட்கமாக இருந்தது. தர்ஷன் பக்கம் திரும்பினாள். "சார், உங்களுக்கு நாலு உறவு. அஞ்சு இடம் இருக்கு."

"இதெல்லாம் சரிப்பட்டு வராதும்மா" என்றார் தர்ஷன். "இது விதியை வளைக்கறது. நாளைக்கு விசாரணைன்னு வந்தா..."

"விசாரணை வரட்டும் சார்."

"நீங்க ஆரம்பிங்க. நான் சென்னையை இன்னொரு தடவை பாக்கறேன்."

*

ஒரு ஆளுக்கு ஆறு நிமிடம் ஆனது. பெட்டியருகே போய், கைரேகைக் கருவியைப் பிடித்து, உறுதிமொழியைச் சத்தமாக முழுவதும் படிக்கவேண்டும். இரண்டு வார்த்தை விழுங்கினாலும் கருவி திரும்பப் படி என்றது. கூடத்தில் இருந்ததோ ஒரே கருவி.

இரண்டு மணி பத்து நிமிடத்துக்குப் பர்வீன் தொடங்கினாள். அவள் எடுத்துக்கொண்டது பஸ் நிலையத்தில் பூக்கட்டும் ஐஸ்வர்யா என்ற பெண்மணியை. ஜோவின் ஓடி ஓடி மூன்று பேருக்குப் படித்தான். மூச்சு வாங்கியதால் ஒருவருக்கு இரண்டு முறை படிக்கவேண்டியதாயிற்று. "இவர் நோயுற்றால் நானே பார்ப்பேன். இவர் விழிக்கும்போது நானே வந்து அழைத்துச் செல்வேன். இவர் இறந்தால் நானே அடக்கம் செய்வேன்." அரசாங்க வாசகம்தான். யாரோ ஒரு குமாஸ்தா எழுதியதாக இருக்கும். ஆனாலும் தூங்கிக்கொண்டிருக்கும் முகத்தைப் பார்த்து அதைப் படிக்கும்போது மகிழினிக்கு நாக்கு குழறியது. கல்யாணத்தில்கூட அவள் இவ்வளவு பெரிய வாக்குக் கொடுக்கவில்லை.

அவளுடைய முதல் ஆள் கல்லுடைக்கும் ஹரிணி. இரண்டாவது, பெயர் தெரியாத ஓர் ஆண், காதில் ஓட்டை, கடுக்கன் இல்லை. மூன்றாவதாக இடுப்புக்குக் கீழே செயலற்ற ஒரு கிழவர். இவரைக் கடைசிவரை தூக்கித்தான் வைக்கவேண்டியிருக்கும் என்று ஒரு கணம் மனம் கணக்குப் போட்டது. அந்த மனத்தை மனத்துக்குள்ளேயே காறித் துப்பிவிட்டுப் படித்தாள். நான்காவது, முப்பது வயதுகூட ஆகாத ஒருத்தி. ஒவ்வொரு முறையும் திரையில் ஓர் எண் தலையில் ஒன்றைச் சூடிக்கொண்டு எட்டு இலக்கமானது.

எட்டுப் பேர் முடிந்தபோது மணி மூன்று. மிச்சம் ஒன்பது பேர், ஐம்பத்து நான்கு நிமிடம். கையில் ஒரு நிமிடம்கூட வீணாக்க முடியாது.

தர்ஷன் கூடத்தின் முனையில் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை.

"சார், வாங்க. அஞ்சு பேரையாவது முடிச்சுடுவோம். மிச்ச நாலு பேருக்கு..." மகிழினி நிறுத்தினாள். மிச்ச நான்கு பேருக்கு என்ன? தன்னிடம் ஓர் இடம் இருக்கிறது. அதைக் கொடுத்தாலும் மூன்று பேர். யார் அந்த மூன்று பேர் என்று யார் முடிவு செய்வது? சீட்டுக் குலுக்கிப் போடுவதா?

"நீங்க மூணு பேரும் கொஞ்சம் வெளியே இருங்க. நான் தனியாப் படிக்கறேன்" என்றார் தர்ஷன்.

"சாட்சி வேணும் சார், இல்லன்னா கருவி எடுத்துக்காது. என்ன சார் இது, நேரம் போகுது!"

"மகிழினி, சொல்றதைக் கேளு..."

"சார்!" அவள் குரல் மலைக்குள் எதிரொலித்தது. இருபது வருடப் பணியில் மேலதிகாரியை அவள் இப்படி அதட்டியதில்லை. "உங்களுக்கு வேலை போயிடும்னு பயமா? இங்க ஒன்பது உசுரு கெடக்கு!"

தர்ஷன் கருவியருகே வந்தார். கட்டைவிரலை வைத்தார். திரையில் அவருடைய எண் வந்தது. ஏழு இலக்கங்கள். ஒரு கட்டம் காலியாக இருந்தது.

பர்வீன் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சம்சாரம் போயி ஆறு வருஷம் ஆச்சு" என்றார் தர்ஷன், திரையைப் பார்த்தபடியே. "மகன் கோர்ட்டுல போட்டு நீக்கிட்டான். தப்பு அவன் மேல இல்ல, என் மேலதான். நீ சோதனைக்கு எல்லாரோட நம்பரையும் கேட்ட பாரு, அன்னிக்கு உண்மையானதைக் குடுக்கறதுக்கு எனக்கு வெக்கமா இருந்தது. முன்னால நானே ஒரு நாலு போட்டு எழுதிக் குடுத்தேன்."

மகிழினிக்கு அவர் என்ன சொல்கிறார் என்பது புரிய ஒரு கணம் ஆனது. புரிந்தபோது அவளுக்கு அவரை அடிக்கவேண்டும் போலிருந்தது. அந்தப் பூஜ்யத்தை அவர் அன்றைக்கே கொடுத்திருந்தால் முதல் சோதனையிலேயே நிரல் தடுக்கி விழுந்திருக்கும். கோகுல் இப்போது மூச்சு விட்டுக்கொண்டிருப்பான். அடுத்த கணமே, இந்த மனிதர் ஆறு வருடமாகத் தினமும் மத்தியானம் இல்லாத பேரப்பிள்ளைகளைப் பற்றிப் பேசிக்கொண்டு தனியாகச் சாப்பிட்டிருக்கிறார் என்பதும் சேர்ந்து உறைத்தது. எதையும் சொல்ல நேரமில்லை.

"படிங்க சார்" என்றாள். "உங்களுக்கு ஒன்பது இடம் இருக்கு."

தர்ஷன் படித்தார். முதல் ஆளுக்கு வார்த்தைகளை விழுங்கினார். கருவி இரண்டு முறை திருப்பி அனுப்பியது. ஜோவின் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு, "மெதுவாப் படிங்க சார், ஒண்ணும் அவசரம் இல்ல" என்று வாய் கூசாமல் பொய் சொன்னான். மூன்றாவது ஆளுக்கு வந்தபோது மூன்று மணி இருபத்தைந்து. ஆறாவது ஆளுக்கு அவர் வாசகத்தை மனப்பாடமாகச் சொல்லத் தொடங்கியிருந்தார். நேரம் கொஞ்சம் மிச்சமானது. எட்டாவது பெட்டி கூடத்தின் மறுகோடியில் இருந்தது. பர்வீன் கருவியைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். அவருக்கு மூட்டுவலி. ஜோவின் அவரைக் கிட்டத்தட்டத் தூக்கிக்கொண்டே போனான்.

ஒன்பதாவது ஆளுக்கு அவர் விரலை எடுத்தபோது மணி மூன்று ஐம்பத்தெட்டு.

நான்கு மணிக்கு இயந்திரம் பதினேழு எண்களையும் பிரித்தது. மகிழினி திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. உறவு ஒன்று. வயது. எடை. இதயம். நுரையீரல். சிறுநீரகம். மருந்து மூன்று, மருந்து இரண்டு, மருந்து இரண்டு, மருந்து நான்கு. ஒவ்வொன்றையும் நர்ஸ்களின் கையெழுத்துப் பதிவேட்டுடன் விரல் வைத்து ஒப்பிட்டாள். பதினேழும் சரி. பர்வீன் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். ஜோவினுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, நிறுத்த முடியவில்லை.

நான்கு பேருடைய கைப்பேசிகளும் ஒன்றன்பின் ஒன்றாக ஒலிக்கத் தொடங்கின. தங்கள் உறவினர் நலமாக உறங்குகிறார் என்று அரசாங்கம் தெரிவித்துக்கொண்டிருந்தது. தர்ஷனுக்கு மட்டும் ஒன்பது முறை ஒலித்தது. அவர் ஒவ்வொன்றையும் திறந்து முழுவதும் படித்தார்.

*

நான்கரை மணிக்கு அறையில் அவரும் அவளும் மட்டும் இருந்தார்கள்.

"கோகுல் கோப்பு" என்றாள் மகிழினி.

"அஞ்சு மணிக்குத் தானா மூடிக்கும்மா. மாரடைப்புன்னு பதிவாயிருக்கு."

"மாரடைப்பு இல்லன்னு நமக்குத் தெரியும்."

"தெரியும். என்ன செய்யச் சொல்ற?" அவர் சண்டைக்கு நிற்கவில்லை. களைத்துப்போயிருந்தார். "கூடத்துல செத்தவங்களுக்காகப் புகார் குடுக்க உறவுக்காரங்களுக்குத்தான் உரிமை. நான் எழுதினாலும் நீ எழுதினாலும் அது வெறும் காகிதம். சென்னையில அந்த ஆளு ஃபைலை மடிச்சு வெச்சுடுவான். குழு வந்து நம்மை ரெண்டு கேள்வி கேக்கும். அடுத்த வருஷம் இதே நிரல் முப்பது கூடத்துலயும் ஓடும். எனக்குத் தெரியும்மா, நாப்பது வருஷம் இந்த உத்தியோகத்துல இருந்திருக்கேன்."

"உறவு ஒருத்தர் இருந்தா?"

"இருந்தா அது வழக்கு. சென்னையில இந்த நிரலை நிறுத்தித்தான் ஆகணும். கோப்பு மூடற வரைக்கும் செத்தவங்களையும் உறவா ஏத்துக்கலாம், கேஸு முடியற வரைக்கும் அந்த இடம் போயிடும். ஆனா யாரு இருக்கா? எனக்கு ஒன்பதும் ஆயிடுச்சு. இடம் இருந்தா நானே..." அவர் முடிக்கவில்லை. தன்னுடைய எண்ணைத் தானே பார்ப்பதுபோல மணிக்கட்டைத் தடவினார். "நீ வீட்டுக்குப் போ. அஞ்சு மணிக்கு ரோடு திறந்துடும். பொண்ணு காத்துக்கிட்டிருப்பா. உனக்கு ஒரு இடம் பாக்கி இருக்கு, நல்லபடியா பேரக்குழந்தையைப் போய்த் தூக்கு."

அவர் அதைக் கரிசனமாகத்தான் சொன்னார்.

மகிழினி கைப்பேசியை எடுத்தாள். நறுமுகைக்கு அழைத்தாள். எதிர்முனையில் மகள் தூக்கக்கலக்கத்தில் பேசினாள். குழந்தை இன்றைக்கு நிறைய உதைக்கிறது என்றாள். பாட்டி என்ற வரியில் பெயர் சரியாக விழுந்திருக்கிறதா என்று மருத்துவமனையில் மறுபடி கேட்டார்களாம்.

"அந்த வரியை இப்போதைக்கு எடுத்துடுடி" என்றாள் மகிழினி.

"என்னம்மா சொல்ற?"

"நான் கண்ணாடிக்கு வெளிய நின்னு பாத்துக்கறேன். கொஞ்ச நாள். ஒரு கேஸு முடியற வரைக்கும்."

"அம்மா, என்னம்மா ஆச்சு? யாரும்மா அது?"

"ராத்திரி பேசறேன்" என்று சொல்லி வைத்தாள். மூக்கைச் சேலையில் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

கோகுலின் பெட்டி குளிரறையில் இருந்தது. சாட்சிக்குத் தர்ஷனும் கூடவே நடந்து வந்தார். வேண்டாம் என்று அவர் ஒரு முறைகூடச் சொல்லவில்லை. தார் அப்பிக் கறுத்துப்போன நகங்கள் அவனுக்கு. எத்தனை துடைத்தும் பர்வீனால் அதை எடுக்க முடியவில்லை. மகிழினி கட்டைவிரலை வைத்து உறுதிமொழியைத் தொடங்கினாள். நோயுற்றால் பார்ப்பேன், விழிக்கும்போது அழைத்துச் செல்வேன் என்ற இரண்டு வரிகளையும் விட்டுவிட்டுப் போகக் கருவி அனுமதிக்கவில்லை. அவற்றையும் படித்தாள்.

திரையில் புகார்ப் படிவம் திறந்தது. மணி நான்கு ஐம்பத்து மூன்று.

இறந்தவர் உங்களுக்கு என்ன உறவு என்று கேட்டது. அவளுக்கு வயது நாற்பத்தேழு. அண்ணன் என்று எழுதினாள்.

புகார் யார் மீது என்று கேட்டது. எண்ணைப் பிரிக்கும் நிரலை எழுதியவர், மகிழினி, வேனில் இல்லம், வேலூர் என்று எழுதினாள். அவள் எழுதி முடிக்கும்வரை பக்கத்தில் நின்ற தர்ஷன், "என் பேரையும் போடு. பொய் நம்பர் குடுத்தவன்னு போடு" என்றார். அவள் அதையும் எழுதினாள்.

புகார் கொடுப்பவர் பெயரும் எதிர்த்தரப்பில் ஒருவர் பெயரும் ஒன்றாக இருக்கின்றன, தவறாக நிரப்பியிருக்கலாம், சரிபார்க்கவும் என்று இயந்திரம் எச்சரித்தது. மகிழினி மேலிருந்து கீழே ஒரு முறை நிதானமாகச் சரிபார்த்தாள். பிறகு ஆம் என்பதைத் தொட்டாள்.